லாரி செட்டின் புது ஆல்பத்துக்கு நான் போட்ட ஓட்டு

1

காசிம் என்னோடு பேசி நான்கு மாதம் ஆகிறது. அவன் பாஸ்போர்ட்டில் ஜெர்மனி விசா ஒட்டியிருக்கிறது. வரும் சனிக்கிழமை கச்சேரி. என்னிடம் இரண்டு டிக்கெட் இருக்கின்றன. அவன் வருவானா மாட்டானா என்று தெரியாமலே கூடத்து சோபாவைப் படுக்கையாக விரித்து வைத்திருக்கிறேன். மனைவி சுமதி இரண்டு முறை அதை மடித்துப் போட்டாள். நான் இரண்டு முறையும் விரித்தேன். மூன்றாவது முறை அவள் போர்வையை மட்டும் மாற்றினாள்.

சண்டை எதைப் பற்றி என்றால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பாட்டைப் பற்றி. ஐம்பதைத் தாண்டிய இரண்டு ஆண்பிள்ளைகள், ஒருவன் நூரம்பர்க்கில், ஒருவன் உத்திரமேரூரில், இங்கிலாந்துக்காரர்கள் நான்கு பேர் போட்ட ராக் ஆல்பத்துக்காக முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கிறோம். அந்த நான்கு பேருக்கும் எழுபதைத் தொடும் வயது. அவர்களுக்கு எங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

குழுவின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் பாதிப் பேர் அதைவிட நல்ல குழு எது என்று பட்டியல் அனுப்புவீர்கள். எங்கள் ஊரில் அவர்களுக்கு ‘லாரி செட்’ என்று பெயர். பழைய ஆல்பத்தின் அட்டையில் மழையில் ஒரு லாரி தனியாக நிற்கும். இங்கிலீஷ் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை, லாரி நுழைந்தது.

2

காசிமின் அப்பா உத்திரமேரூர் கடைத்தெருவில் கேசட் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருந்தார். இப்போது அதே கடையில் காசிம் மொபைல் பழுது பார்க்கிறான், கண்காணிப்பு கேமரா மாட்டித் தருகிறான். நாங்கள் பிளஸ் டூ படிக்கும்போது வளைகுடாவில் இருந்த அவன் மாமா லாரி செட்டின் ஒரிஜினல் கேசட்டைக் கொண்டுவந்து கடையில் போட்டுவிட்டுப் போனார். காசிம் அதிலிருந்து பிரதி எடுத்து எங்களுக்குக் கொடுத்தான். எட்டுப் பேர் சேர்ந்தோம். அதில் வரதன் முக்கியமானவன். திருமுக்கூடலில் நிலபுலம் உள்ள வீட்டுப் பிள்ளை. அவனுக்கு இங்கிலீஷில் ஒரு வரி புரியாது, ஆனால் எல்லா வரியும் பாடுவான்.

எங்கள் ஊர்க்காரனிடம் ஓட்டு என்று சொன்னால் போதும், உடனே நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வான். ஆயிரம் வருடத்துக்கு முன்பே குடத்தில் ஓலை போட்டு ஆள் எடுத்த ஊர் என்று கல்வெட்டு இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார்கள். அந்தக் கொழுப்பில் நாங்கள் பாட்டுக்கும் ஓட்டு வைத்தோம். புதிதாக எந்தக் கேசட் வந்தாலும் ஆளுக்கு ஒரு சீட்டு எழுதி பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். பாஸ் அல்லது பெயில். ஓட்டு எண்ணி முடிக்கும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. எண்ணியபின் விடியும்வரைகூடச் சண்டை போடலாம், ஆனால் முடிவை மாற்றக் கூடாது. எண்ணுகிறவன் காசிம். எண்ணுகிறவனுக்கு ஓட்டு இல்லை. இதுவும் கல்வெட்டில் இருக்கிறது என்றே நம்பிக்கொண்டிருந்தோம், இல்லையென்று பிறகு தெரிந்தது.

வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று ஆளுக்கு ஒரு பக்கம் போனோம். நான் ஒரகடத்தில் வாகன உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதனைக்குப் போய், அங்கிருந்து பதினாறு வருடத்துக்கு முன் இங்கே நூரம்பர்க்குக்கு வந்தேன். ஆனால் ஓட்டு நிற்கவில்லை. வாட்சப்பில் குழு வைத்தோம். லாரி செட் ஆல்பம் போட்டால் காசிமுக்குத் தனியாகச் செய்தி அனுப்ப வேண்டும், அவன் எண்ணிச் சொல்வான்.

எனக்கும் அவனுக்கும் வேறு பேச்சு எப்போதும் பெரிதாக இருந்ததில்லை. போனை எடுத்தால் நலம் விசாரிக்கிற பழக்கம் கிடையாது. “கேட்டியா? எப்டி கீது?” என்பான். அதுதான் எங்கள் வணக்கம்.

3

லாரி செட் கடைசிச் சுற்றுப்பயணம் போகிறது, நூரம்பர்க்கிலும் ஒரு கச்சேரி, அதற்கு முன் புது ஆல்பமும் வரும் என்று போன வருடக் கடைசியில் அறிவித்தார்கள். நான் சுமதியிடம்கூடக் கேட்காமல் இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டு காசிமைக் கூப்பிட்டேன்.

“இன்னா வெளையாட்றியா?” என்றான். பிறகு, “பாஸ்போட்டு எடுக்கணுமேடா” என்றான்.

இந்த நாட்டில் ஒரு விருந்தாளியைக் கூப்பிடுவது பெண் பார்ப்பதைவிடக் கஷ்டம். வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய், வருகிறவன் சோற்றுக்கும் மருந்துக்கும் நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட வேண்டும். அங்கிருந்த அம்மாள் கணினியைப் பார்த்துக்கொண்டே, “உங்களுக்கு அவர் என்ன உறவு?” என்றாள்.

“நண்பர்.”

“எத்தனை வருடமாகத் தெரியும்?”

“முப்பத்துமூன்று.”

“பயணத்தின் நோக்கம்?”

“பாட்டு கேட்க” என்றேன். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. தொழில், குடும்பம், சுற்றுலா, இவைதான் இருந்தன. சுற்றுலாவில் டிக் போட்டாள். பிறகு முதல் முறையாக என் முகத்தைப் பார்த்து, “அவர் நிச்சயம் திரும்பிப் போவாரா?” என்று கேட்டாள்.

அவனா? காஞ்சிபுரத்தைத் தாண்டினாலே தலைவலி தைலம் தேய்த்துக்கொள்கிற ஆள். அதை ஜெர்மன் மொழியில் சொல்லத் தெரியாமல், “அவருக்கு வீடு மிகவும் பிடிக்கும்” என்றேன். அவள் அதையும் எங்கோ தட்டச்சு செய்தாள்.

அங்கே காசிம் சென்னைக்கு மூன்று நடை நடந்தான். ஒரு முறை போட்டோ சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

“ரெண்டு காதும் தெரியணுமாம்டா. போட்டோக்காரன்கிட்ட சொன்னேன், நைனா, பாட்டு கேக்கத்தான் போறேன், காத நல்லா எடுன்னு” என்று சொல்லிச் சிரித்தான். விசா வந்த அன்று அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் குழுவில் போட்டான். வரதன் அதன் கீழே, ‘லாரிக்கே நேர்ல போறான்டா’ என்று எழுதினான்.

அதற்கு மறுமாதம் ஆல்பம் வந்தது.

4

எனக்குப் புது ஆல்பம் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பது குறைவு. வேலைக்குப் போகும் ரயிலில் கேட்டு, இறங்க வேண்டிய நிலையத்தில் இறங்காமல் இரண்டு நிலையம் தள்ளிப் போனேன். பாடுகிறவர் குரல் கரடுமுரடாகியிருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்த மனிதருக்கு இப்போதுதான் பாடத் தெரிந்திருக்கிறது என்று எனக்குப் பட்டது.

உலகம் முழுக்க உள்ள ரசிகர்கள் கூடும் இணையத் தளம் ஒன்று இருக்கிறது. அங்கே நான் ‘உத்திரமேரூர்’ என்ற பெயரில் எழுதுகிறேன். அது ஏதாவது மருந்தின் பெயரா என்று ஒருவர் முன்பு கேட்டிருக்கிறார். அந்தத் தளத்தில் ஆல்பம் வந்த மூன்றாம் நாளே அடிதடி. பிரேசில்காரர் ஒருவர், இவர்கள் இருபது வருடத்துக்கு முன்பே கடையைக் கட்டியிருக்க வேண்டும் என்றார். பின்லாந்துப் பெண்மணி ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பக்கம் எழுதி எல்லாவற்றையும் தலையில் வைத்துக் கொண்டாடினார். இன்னொருவர், டிரம்ஸ் தவிர எல்லாம் குப்பை என்றார். நான் அத்தனை பேருக்கும் பதில் எழுதினேன். ஆனால் அந்தச் சண்டையெல்லாம் எனக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய். சாப்பாடு ஊரில்தான்.

காசிம் ஓட்டு எண்ணிச் சொன்னான். ஏழு ஓட்டு. பெயில் ஆறு, பாஸ் ஒன்று.

அந்த ஒன்று யாருடையது என்று கேட்கவே வேண்டாம். வரதன் குரல் பதிவு அனுப்பினான். “இன்னாடா இது, பாடறானா படுத்துக்கினு கீறானா? அந்தக் காலத்துல எப்டி எகிறி எகிறிப் பாடுவான்! இப்ப மாடு மாரி இழுத்துக்கினு போறான். கட்டையும் எறங்கிப் போச்சி. வயசாயிடுச்சிடா, வூட்ல உக்கார வேண்டிதுதானே.” மற்ற ஐந்து பேரும் அதையே ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள். பழைய ஆல்பத்தோடு ஒப்பிட்டால் மெதுவாகிவிட்டது, சுருதி இறங்கிவிட்டது, உயிர் இல்லை.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஏனென்றால் அவர்கள் சொல்வது ஏன் தப்பு என்று எனக்கு மட்டும் தெரியும், பத்து வருடமாகத் தெரியும்.

பத்து வருடத்துக்கு முன் இங்கே ஞாயிற்றுக்கிழமை பழைய பொருள் சந்தையில் லாரி செட்டின் அந்தப் பழைய ஆல்பம் இசைத்தட்டாகவே கிடைத்தது. ஒரு பழைய பிளேயரும் வாங்கிவந்து போட்டேன். பாட்டு தொங்கியது. எங்கள் கேசட்டில் ஓடின வேகம் இல்லை, சுருதியும் முக்கால் கட்டை இறங்கியிருந்தது. பிளேயர் கெட்டுவிட்டது என்று பழுது பார்க்கும் கிழவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். ‘மெதுவாக ஓடுகிறது’ என்பதற்கு ஜெர்மனில் சரியான சொல் வராமல், ‘களைத்துப் போயிருக்கிறது’ என்று சொல்லிவிட்டேன். அவர், “நானும்தான்” என்றார். பிறகு கோடு போட்ட வட்டத் தகடு ஒன்றைச் சுழலவிட்டு விளக்கடியில் வேகம் பார்த்தார். “இயந்திரம் துல்லியமாக ஓடுகிறது. உங்கள் நினைவுதான் வேகமாக ஓடுகிறது” என்றார்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே விஷயம் பிடிபட்டது. என் தொழிலே அளப்பது. கேசட் பதிகிற இயந்திரத்தில், அதாவது டெக்கில், பெல்ட் தொய்ந்து நாடா மெதுவாக ஓடியிருந்தால், அந்தக் கேசட்டைச் சரியான டெக்கில் போடும்போது பாட்டு வேகமாக ஓடும், சுருதியும் ஏறும். காசிம் கடை டெக் அப்படித்தான் இருந்திருக்கிறது. உத்திரமேரூரிலும் சுற்றுப்பட்ட கிராமங்களிலும் நாங்கள் உயிராகக் கேட்ட லாரி செட் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. பிறகு கேசட் போய் பென்டிரைவ் வந்தபோதும் காசிம் அந்தப் பிரதியிலிருந்தே மாற்றிக் கொடுத்தான். வரதன் டிராக்டரில் ஓடுவது அதுதான். யூட்யூபில் உண்மையான பாட்டு கிடைக்கிறதே என்பீர்கள். கேட்டார்கள். “அது டூப்ளிகேட்டுடா, காப்பிரைட்டுக்கு பயந்து ஸ்லோ பண்ணிப் போட்டுக்கிறானுங்க” என்று வரதன் முடிவு கட்டிவிட்டான்.

அப்போது நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது என்று விட்டேன். அந்த நல்ல புத்தி பத்து வருடம் என்னிடம் இருந்தது என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

5

என் மகள் யாழினிக்குப் பதினேழு வயது. ஒரு வயதில் தூக்கிக்கொண்டு வந்தோம். நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். சில நாள் அதுவும் தோளைக் குலுக்குவதோடு நின்றுவிடும். அவள் கேட்கும் பாட்டு எனக்கு லேத் ஓடுவதுபோல் இருக்கும், என் பாட்டு அவளுக்கு ‘அப்பாவின் லாரி’. காதில் எப்போதும் ஏதாவது மாட்டியிருப்பாள். சாப்பிடக் கூப்பிட வேண்டுமானால் கதவைத் தட்டக் கூடாது, செய்தி அனுப்ப வேண்டும்.

ஓட்டு எண்ணிய அன்று அவளிடம் போய் நின்றேன். பழைய கேசட் பாட்டு அரை நிமிடம், இசைத்தட்டில் உள்ள அதே பாட்டு அரை நிமிடம், பிறகு இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று, கீழே வேகம் எவ்வளவு வித்தியாசம் என்று எழுத்து. இப்படி ஒரு துண்டு செய்து தர முடியுமா என்றேன். அவள் கேட்டுப் பார்த்தாள். முதல் முறையாக என் பாட்டில் அவளுக்கு ஆர்வம் வந்தது. கால் மணி நேரத்தில் செய்துவிட்டாள். அனுப்புவதற்கு முன், “இது யாருக்கு?” என்றாள்.

“ஊரில் என் நண்பர்களுக்கு.”

“அவர்கள் கேட்டார்களா?”

“என்ன கேட்டார்களா?”

“இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று.”

உண்மைக்கு யார் அனுமதி கேட்பது என்றேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு அனுப்பினாள்.

குழுவில் அந்தத் துண்டைப் போட்டு கீழே நான் எழுதியதை மாற்றாமல் தருகிறேன். ‘முப்பது வருசமா நீங்க கேட்டது அவங்க பாட்டே இல்ல. காசிம் கடை டெக்குல பெல்ட் தொஞ்சி வந்த பாட்டு. தப்பா கேட்ட காத வெச்சிக்கினு புதுசுக்கு பெயில் மார்க் போடாதீங்க.’

முதலில் சிரிப்பு முகங்கள் வந்தன. பிறகு ஒருவன், ‘காசிம் பாய், முப்பது வருசமா எங்கள ஏமாத்திக்கினா இருந்த?’ என்றான். இன்னொருவன், ‘அப்ப மொபைலும் இப்டித்தான் ரிப்பேர் பண்றியா?’ என்றான். கேலிதான். எங்கள் ஊர்க் கேலி, தோளில் தட்டிச் சொல்கிற கேலி. ஆனால் திரையில் தோள் தெரியாது. வரதன் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. காசிம் படித்துவிட்டான் என்று நீல டிக் காட்டியது. அன்று சாயங்காலம், காசிம் வெளியேறினார் என்று ஒரு வரி வந்தது.

நான் ஜெயித்துவிட்டேன் என்று ஒரு மணி நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஒரு மணி நேரம் நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் அழைத்தேன், எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு எழுதினேன், ஆனால் அதிலும் ‘சொன்ன விதம் தப்பு, சொன்னது தப்பில்லை’ என்று ஒரு வால் இருந்தது. பதில் இல்லை. விமான டிக்கெட் எடுத்தாயா என்று கேட்டு எழுதினேன். பதில் இல்லை. குழுவில் ஒரு வாரம் யார் யாரோ பிறந்தநாள் வாழ்த்து போட்டார்கள், பிறகு அதுவும் நின்றுபோனது. வேறு ஊரில் வேறு வேலைக்குப் போன இத்தனை வருடத்தில் ஊரோடு எனக்கு இருந்த கயிறு காசிம் ஒருவன்தான். அப்பா அம்மா போய்விட்டார்கள், வீட்டை விற்றாயிற்று, அண்ணன் கல்யாணப் பத்திரிகை அனுப்புவதோடு சரி. அதை இந்த நான்கு மாதத்தில்தான் எனக்கு நானே ஒத்துக்கொண்டேன்.

6

மேலே உள்ளதை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை எழுதினேன். புதன்கிழமை மதிய உணவு இடைவேளையில், தொழிற்சாலை முற்றத்தில் நின்று மறுபடி அழைத்தேன். அங்கே நாலு மணி இருக்கும், கடையில் ஆள் குறைவாக இருக்கும் நேரம். எடுத்துவிட்டான்.

“சொல்லுடா.”

“சனிக்கெழம கச்சேரிடா.”

“தெரியும்.”

“நடுவுல ரெண்டு நாள் கீது. இப்ப கெளம்பினாக்கூட வந்துடலாம். பிளேன் டிக்கெட் நான் போடறேன்.”

“வரலடா மணி.”

கையில் இருந்த ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி வைத்தேன். எனக்குத் தெரிந்ததையே மறுபடி பேசினேன். “அவ்ளோ பேர் முன்னாடி சொன்னது தப்புதான். ஒத்துக்கறேன். ஆனா பொய் சொல்லலியேடா.”

“பொய்யின்னு யார் சொன்னது?” என்றான். கோபமே இல்லாமல் சொன்னான், அது இன்னும் கஷ்டமாக இருந்தது. “உனுக்குப் பத்து வருசமாத் தெரியும்ன்ற. எனுக்கு முப்பது வருசமாத் தெரியும்.”

“இன்னா சொல்ற?”

“பிளஸ் டூ முடிஞ்ச வருசமே அத்தா பெல்ட்ட மாத்திட்டாரு. மாத்தினப்புறம் வரதன் வேற ஒரு காப்பி கேட்டான், அவுங்க மச்சானுக்கு. பதிஞ்சி குடுத்தேன். மறுநாளே கொண்டாந்து போட்டான். ‘இன்னாடா இது, செத்த பாட்டு மாரி கீது, பழைய மாரி பதிஞ்சி குடு’ன்னான். அப்பத்தான் எனுக்கே வெளங்கிச்சி. பழைய பெல்ட்டத் தேடி எடுத்து, லாரி செட்டுக்கு மட்டும் மாட்டுவேன். பதிஞ்சி முடிச்சிட்டு புது பெல்ட்ட மாட்டிடுவேன். அத்தாவுக்குக்கூடத் தெரியாது. பென்டிரைவ்ல ஏத்தறப்ப ஒரிஜினல் என் டேபிள் மேலதான் இருந்துச்சி. நீங்க எதக் கேப்பீங்களோ அதத்தான் போட்டேன்.”

“ஏன்டா எங்களாண்ட சொல்லல?”

“இன்னாத்துக்குச் சொல்லணும்? நல்லாத்தானே கேட்டுக்கினு இருந்தீங்க.”

எப்போதும் சலசலவென்று பேசுகிறவன், இப்போது மெதுவாகச் சொன்னான்.

“நீ எனுக்கு மட்டும் போன் பண்ணி, ‘டேய், பெல்ட்டு தொஞ்சிருந்துச்சாடா’ன்னு கேட்டிருந்தா ரெண்டு பேரும் சிரிச்சிட்டுப் போயிருப்போம். ஓட்டுல தோத்துட்ட. அந்தக் கோவத்துல எல்லார் கையிலிருந்தும் புடுங்கிட்ட. வரதன் இப்ப டிராக்டர்ல பாட்டே போடறதில்ல, தெரியுமா? பென்டிரைவ்வக் கொண்டாந்து என் கடையில வெச்சிட்டுப் போனான். ‘எது நெசம்னு தெரியலடா, பேஜாரா கீது’ன்றான். எனுக்குன்னா கூடப் பரவால்ல. என்னக் கிண்டல் பண்ணா நான் திருப்பிக் கிண்டல் பண்ணுவேன். அந்தாளு இன்னா பண்ணான் உனுக்கு?”

வரதனை நான் நினைத்தே பார்க்கவில்லை. நான்கு மாதமாக என்னுடைய வருத்தத்தையும் காசிமின் கோபத்தையும் மட்டுமே திருப்பித் திருப்பி அளந்துகொண்டிருந்தேன். விசாவுக்காகச் சென்னைக்கு மூன்று நடை நடந்தவன், தனக்கு நடந்த அவமானத்துக்காக வராமல் இருக்கவில்லை. திருமுக்கூடலில் ஒரு டிராக்டர் சத்தமில்லாமல் ஓடுவதற்காக வராமல் இருக்கிறான். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கைதட்ட அவனுக்கு மனம் வரவில்லை. இது எனக்குப் புரிய அரை நிமிடம் ஆனது.

“வரதன்கிட்ட நான் பேசறேன்டா” என்றேன்.

“இன்னான்னு பேசுவ? கேட்டது கேட்டதுதானே. இனிமே அவன் அதக் கேக்காத மாரி பண்ண முடியுமா உன்னால?”

சைரன் ஊதியது. என்னோடு வேலை செய்யும் துருக்கிக்காரர் கதவருகே நின்று மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். எனக்கு வைக்க மனமில்லை. வேறு எதுவும் தோன்றாமல் கேட்டேன்.

“புது ஆல்பம் உனுக்கு எப்டி கீது? அதச் சொல்லுடா. நீ மட்டும் சொல்லவே இல்லியே.”

“எண்றவனுக்கு ஓட்டு இல்ல” என்றான். யாரோ வாடிக்கையாளர் வந்திருக்க வேண்டும், பின்னால் பேச்சு கேட்டது. ஒரு நிமிஷம் நைனா என்று அவரிடம் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினான்.

“போய்க் கேளு. நல்லாக் கேளு. எப்டி இருந்துச்சின்னு எனுக்குச் சொல்லாத.”

7

சனிக்கிழமை போனேன். திறந்தவெளி மைதானம், கோடை காலம், எட்டு மணிக்கும் வெயில் முகத்தில் அடித்தது. யாழினியைக் கூப்பிட்டுப் பார்த்தேன். வேண்டுமானால் வருகிறேன் என்றாள். அவள் வேண்டாமென்றே சொல்லியிருக்கலாம். எனக்காகப் பரிதாபப்பட்டு வருகிற ஆளை அந்த நாற்காலியில் உட்கார வைக்க எனக்கு விருப்பமில்லை. நானே வேண்டாம் என்றேன்.

காசிமின் காலி இருக்கைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்மணி, இது காலிதானே, பையை வைக்கலாமா என்று கேட்டாள். ஆள் வருகிறார் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. இரண்டரை மணி நேரமும் அவள் அந்தக் கனமான பையை மடியிலேயே வைத்திருந்தாள். சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கவும் எனக்குக் கூச்சமாக இருந்தது.

பாட்டுக்குப் பாட்டு என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. முப்பத்துமூன்று வருடப் பழக்கம். ஒரு பாட்டு முடிந்தால் அவனிடம் சொல்ல வேண்டும். மூன்றாவது பாட்டுக்குப் பிறகு போனை அணைத்தேன். அணைத்த பிறகும் கை போய்க்கொண்டுதான் இருந்தது.

ஞாயிறு காலை வரதனுக்குப் போன் செய்தேன். எடுத்தான், நல்லவிதமாகவே பேசினான். ஏரியில் தண்ணீர் இருக்கிறது, நாற்று விட்டாயிற்று என்றான். சுமதியையும் குழந்தையையும் விசாரித்தான். பாட்டைப் பற்றி அவன் பேசவில்லை. நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததும், “அத வுடுடா, வேல கெடக்குது” என்று வைத்துவிட்டான்.

வீட்டில் யாழினி காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு, “எப்படி இருந்தது?” என்றாள். இணையத் தளத்தில் பின்லாந்துப் பெண்மணி, உத்திரமேரூர் அவர்களே, நீங்கள் நேரில் கேட்டிருப்பீர்களே, விரிவாக எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறார். இவ்வளவு தூரம் படித்த உங்களுக்கும் அதே கேள்வி இருக்கும். பழைய பாட்டைப் பாடினார்களா, புதுப் பாட்டு நேரில் எப்படி, குரல் தாங்கியதா என்று. எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, வாழ்நாளில் இவ்வளவு இருந்ததில்லை. ஆனால் அதை முதலில் கேட்க வேண்டியவன் சொல்லாதே என்று சொல்லிவிட்டான். அவனுக்குச் சொல்லாததை மகளுக்கும் சொல்லவில்லை, உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.